நால்வர் சுமந்த நாற்காலி

எம் மூத்த ராத்தாவுக்கு வயது எழுபது. பக்கவாதத்தால் இடப்பக்கம் சோர்ந்துபோனவர். சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுவதோடு சரி. மச்சான் மறைந்து சில மாதங்கள் சென்றபின், குடியிருக்கும் வீட்டின் சொத்துவரிப் பதிவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டிய தேவை அவருக்கு ஏற்பட்டது. ஆட்டோவில் ஏற்றி நகராட்சி அலுவலகத்துக்கு அழைத்துப் போனோம். எந்த ஊர் என்று நாம் எழுதப்போவதில்லை. படிக்கும் அன்பர்கள் தத்தம் ஊரையே நினைத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் பொருந்திவிடும்.

வரிப் பிரிவு மாடியில் இருந்தது. மொத்தம் 22 படிகள். கீழ்த்தளத்தில் என்ன இருந்தது? பழுதான தெருவிளக்குகளும், சக்கரம் கழன்ற குப்பை வண்டிகளும், கயிறு கட்டிய பழங்கோப்பு மூட்டைகளும் இருந்தன. ஏற முடியாத பொருள்களுக்குக் கீழ்த்தளம். ஏற முடியாத மனிதர்களுக்கு மாடி! நாம் மேலே சென்று எழுத்தரிடம் நிலைமையைச் சொன்னோம். அவர் கடுஞ்சொல் பேசுபவர் அல்லர். "மனுதாரர் என் முன்னால் வந்து கையொப்பமிட வேண்டும், ஐயா. பதிவேட்டைக் கீழே எடுத்து வர எனக்கு அதிகாரம் இல்லை" என்று மரியாதையாகவே சொன்னார்.

கீழே நின்ற நான்கு இளைஞர்கள் விவரம் கேட்டு ஓடி வந்தார்கள். ஒரு நாற்காலியில் ராத்தாவை அமர்த்தி, ஆளுக்கொரு காலாகப் பிடித்து மேலே தூக்கிச் சென்றார்கள். முக்காடு நழுவ, அதை ஒரு கையால் இழுத்துப் போர்த்தியபடி, கண்களை மூடிக்கொண்டு அவர் மேலே போனார். ஒப்பமிட்டதும் அவ்வாறே இறக்கப்பட்டார். வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்த பிறகுதான் வாய் திறந்தார்:

"தம்பி, மவுத்தான பொறவு நாலு பேரு தூக்குவாங்க. அது எல்லாருக்கும் உள்ளதுதான். என்னய உசுரோடவே தூக்க வச்சிட்டீங்களே!"

இதற்கு நம்மிடம் விடை இல்லை. அந்த இளைஞர்கள் நன்மையே செய்தார்கள். எழுத்தர் விதியை மீறவில்லை. நாமும் உடன்பிறப்புக்கு உதவியாகவே போனோம். எவருமே தவறு செய்யாத ஓர் இடத்தில், நாற்பது ஆண்டுகள் தவறாது வரி கட்டிய ஒரு வீட்டின் தலைவி தலைகுனிந்து திரும்பினார். அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது? இதைக் கேட்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாம் சொல்ல வந்தது ஒன்றுதான். கதவு திறந்திருப்பதால் மட்டும் ஓர் அலுவலகம் எல்லார்க்கும் திறந்ததாகிவிடாது. ஊரிலேயே வலுக்குறைந்தவர் எவரோ, அவர் பிறர் தயவை நாடாமல் வந்து, கேட்டு, புரிந்து, பெற்றுத் திரும்ப முடிகிறதா? முடிந்தால் அது பொது அலுவலகம். முடியாவிட்டால் அது வலுவுள்ளோரின் அலுவலகம். வாயிலில் என்ன பலகை தொங்கினாலும் சரியே.

உள்ளாட்சி என்றதும் நம் மேடைப் பேச்சாளர்கள் உத்தரமேரூருக்கு ஓடுவார்கள். பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தக சோழன் காலத்தில் பொறித்த குடவோலைக் கல்வெட்டைப் பாராட்டாத நாவில்லை. பாராட்டத் தக்கதே. ஆயினும் அக்கல்வெட்டை முழுதும் படித்தவர்கள் அறிவார்கள்: ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடையில் இருக்க வேண்டும், வேதக் கல்வியும் வேண்டும். நிலமில்லாதவன் பெயர் அக்குடத்துக்குள் விழாது. பின்னர் ஆங்கிலேயர் வந்தார்கள். சென்னை மாநகராட்சி 1688இல் தோன்றியது. ரிப்பன் பிரபுவின் தீர்மானம் 1882இல் வந்தது. ஆயினும் அந்த ஆட்சியில் வாக்கு, வரியோடும் சொத்தோடும் கட்டப்பட்டே கிடந்தது.

அந்தக் கட்டை விடுதலை பெற்ற நாடு அவிழ்த்தது. 1992ஆம் ஆண்டின் 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்து, ஊராட்சியையும் நகராட்சியையும் அரசியலமைப்பின் உறுப்புகளாக்கின. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் இடம் ஒதுக்கின. பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாடு 2016இல் சட்டம் செய்தது. இப்படி நூற்றாண்டுக் கணக்கில் போராடித் திறந்த வாயிலை இன்று எது மூடுகிறது? 22 படிகள் மூடுகின்றன. ஓர் ஆங்கிலப் படிவம் மூடுகிறது. "நாளைக்கு வாங்க" என்னும் ஒரு சொல் மூடுகிறது. குடவோலைக் காலத்தில் யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். இன்று அதே வேலையைக் கல்லில் எழுத்தில்லாமல் கற்படிகளே செய்கின்றன.

இது மனக்குறையன்று, சட்டக்குறை. 1995இலேயே மாற்றுத் திறனாளிகளுக்கென ஒரு சட்டம் வந்தது. அதனினும் விரிவான சட்டம் 2016இல் வந்தது. அதன் 45ஆம் பிரிவு, இருக்கின்ற பொதுக் கட்டடங்கள் அனைத்தையும், விதிகள் அறிவிக்கப்பட்ட நாள் தொட்டு ஐந்தாண்டுகளுக்குள் எல்லாரும் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. 2022 ஜூனில் ஐந்தாண்டு முடிந்தது. படிகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. அணுகல் வசதி பற்றிய 15(1)ஆம் விதி, செய்தால் நல்லது என்ற பரிந்துரைத் தொனியில் இருப்பதால் மூலச் சட்டத்துக்கே முரணானது என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்புரைத்தது. கட்டாயமான விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறும் ஒன்றிய அரசைப் பணித்தது. ஆகவே, "சாய்தளம் அமைப்பது எங்கள் பெருந்தன்மை" என்று எந்த அலுவலகமும் சொல்ல இயலாது. அது கடன், தவணை கடந்த கடன்.

இவ்வளவு சொன்னதும் நால்வகை மறுப்புகள் எழும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? நாங்கள் பார்த்ததே இல்லையே!" என்பது முதல் மறுப்பு. உண்மைதான், பார்த்திருக்க மாட்டார்கள். படியேற முடியாதவர் மாடி அலுவலகத்துக்கு வருவதில்லை. வராததால் அவர் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாததால் அவர் இல்லையென்று முடிவு செய்கிறார்கள். பாலம் இல்லாத ஆற்றங்கரையில் நின்றுகொண்டு, "இவ்வழியே யாரும் கடந்து போகக் காணோம், பாலம் எதற்கு?" என்று கேட்பது போன்றது இது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு தமிழ்நாட்டில் மாற்றுத் திறனாளிகள் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர் என்றது. அறுபது வயதைக் கடந்தவர்கள் அப்போதே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் எழுத்தறிந்தோர் 73.44 விழுக்காடு, அதாவது நூற்றுக்கு இருபத்தாறு பேர் படிவத்தைப் படிக்கவே இயலாதவர்கள். நிறைமாதக் கர்ப்பிணியையும், கைக்குழந்தைக்காரியையும், முழங்கால் தேய்ந்த முதியவரையும் கூட்டிப் பாருங்கள். இவர்களை நீக்கிவிட்டால் ஊரில் மிச்சம் இருப்பவர் யார்? அவர்களும் ஒரு நாள் முதுமை எய்தப் போகிறவர்கள்தாம்.

"நிதி இல்லை" என்பது இரண்டாம் மறுப்பு. நாம் கேட்பவற்றில் பாதிக்கு நிதியே வேண்டாம். கீழ்த்தளத்தில் உள்ள உடைந்த விளக்கை அப்புறப்படுத்தி, அங்கே ஒரு மேசை போட எத்தனை ரூபாய் ஆகும்? வாரத்தில் இரு நாளேனும் ஓர் எழுத்தர் அங்கே அமர எந்தத் திட்டக்குழுவின் ஒப்புதல் வேண்டும்? எந்தச் சேவைக்கு என்னென்ன ஆவணம், எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை எழுதி வைக்கப் பெயிண்ட் செலவு எவ்வளவு? செலவு செய்து கட்டிய சாய்தளங்களையும் நாம் பார்த்திருக்கிறோம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது அதற்குரிய அளவு. மூன்றடி உயர வாயிலுக்கு முப்பத்தாறடி வேண்டும்; பிடித்துச் செல்ல இருபுறமும் கைப்பிடி வேண்டும். நாம் கண்ட இடங்களிலோ ஆறடியில் முடித்துவிட்டார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது. ஏறியது இருசக்கர வண்டி. அதையும் அங்கேயே நிறுத்தியும் வைத்திருந்தார்கள். அளவறியாமல் கட்டியதும் பணச் செலவுதானே? ஆதலால் இல்லாதது நிதியன்று.

மூன்றாம் மறுப்பு புதுமையானது: "எல்லாம் கைப்பேசியிலேயே வந்துவிட்டது. அலுவலகத்துக்கே வர வேண்டாம். இனி என்ன குறை?" இதை நாம் முற்றிலும் மறுக்கவில்லை. வரி செலுத்துவதும் சான்றிதழ் நகல் பெறுவதும் வீட்டிலிருந்தே நடப்பது படித்தவருக்குப் பெரும் வசதி. ஆனால் ஒரு காட்சியைக் கூறுகிறோம். நம் குடும்பங்களில் இது புதிதன்று. தாய் ஊரில் தனியே இருக்கிறாள். மகன் துபாயில். பதிவில் இருப்பது மகனுடைய எண். தாய் மனுச் செய்ய முற்பட்டால் ஓடிபி என்னும் கடவுச்சொல் கடல் கடந்து மகனுக்குப் போகிறது. அவன் வேலைத்தலத்தில் கைப்பேசியை வெளியே வைத்திருக்கிறான். அவன் எடுத்துப் பார்த்துச் சொல்வதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இறுதியில் தெருமுனைக் கணினிக் கடைக்குத்தான் போகிறாள். கட்டணத்துக்கு மேல் கடைக்காரருக்கும் கொடுக்கிறாள். முன்பு மாடிப்படியில் நின்ற தரகர் இப்போது கணினித் திரைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார்; அவ்வளவே மாற்றம். பார்வையற்றவர்கள் கைப்பேசி எழுத்தைக் குரலாகக் கேட்டுப் படிக்க இன்று வழியுண்டு. ஆனால் தளத்தை அதற்கேற்ப அமைக்காவிட்டால் அந்தக் குரல் பொத்தான் எதுவென்று அறியாமல் தடுமாறும். கணினி வாயில் கூடுதல் வாயிலாக இருக்கட்டும். பழைய வாயிலை அடைத்துவிட்டுத் திறக்கும் புதுவாயில் வசதியன்று.

நான்காம் மறுப்புத்தான் நெஞ்சை உறுத்துவது. ஏனெனில் அதைச் சொல்பவர்கள் பிறரல்லர், நாமே. "அவர் ஏன் போக வேண்டும்? வீட்டு ஆண்பிள்ளை யாரையாவது அனுப்பினால் போதாதா?" பரிவான பேச்சுப்போல் இது ஒலிக்கிறது. ஆனால் சிந்தித்துப் பாருங்கள். ஒரு கைம்பெண்ணின் வீட்டுப் பத்திரம், அவளுடைய கையொப்பம், அவள் பெயரில் உள்ள சொத்து, இவை எல்லாம் பிறர் கையில் ஒப்படைக்கப்படுகின்றன. ஒப்படைக்கப்பட்டவர் நேர்மையானவராயின் நல்லது. அல்லராயின்? எந்தத் தாளில் ஒப்பமிட்டோம் என்றறியாமல் வீட்டை இழந்த சகோதரிகள் எந்த மஹல்லாவில் இல்லை? தானே சென்று தானே கேட்டறிய வழியிருந்தால் இந்த ஏமாற்றுகளில் பாதி தோன்றியே இராது. பிறரை அனுப்புவது அவரவர் விருப்பமாக இருக்கலாம். வேறு வழியின்மையால் நேர்ந்த கட்டாயமாக இருக்கக்கூடாது.

இனிப் படிகளை விட்டுச் சொற்களுக்கு வருவோம். அரபியும் தமிழும் கற்பிப்பதே நம் தொழிலாதலால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் அலுவலகங்களில் வழங்கும் பழஞ்சொற்களை எண்ணிப் பாருங்கள்: ஜில்லா, தாலுகா, தாசில்தார், வசூல், பாக்கி, நகல், தாக்கல், அமல். இவற்றுள் பெரும்பாலானவற்றின் வேர் அரபியில் இருக்கிறது. பாரசீகத்தின் வழியாக அரசாங்க மொழியாகி வந்து சேர்ந்தவை. பிறகு ஆங்கிலம் வந்தது. 1956இல் தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் வந்து, நல்ல தமிழ்ச்சொற்கள் பல ஆக்கப்பட்டன. மகிழ்ச்சியே. ஆனால் ராத்தாவுக்காக நாம் நிரப்பிய படிவத்தை மும்முறை படித்த பிறகே நமக்குப் பொருள் விளங்கிற்று. வேர்ச்சொல் தெரிந்த ஆசிரியனுக்கே இந்தக் கதி! அரபி வேரோ ஆங்கிலமோ தூய தமிழோ, கேட்க வந்தவருக்குப் புரியாத சொல் பூட்டிய கதவே. "இதற்கு முன் வரி யார் பெயரில் இருந்தது? இனி யார் பெயரில் வேண்டும்? என்ன காரணம்?" இவ்வாறு மூன்று கேள்வி கேட்டால் போதும். அதையே ஒன்றரைப் பக்கத்துக்கு இழுத்தால் பயன் தரகருக்கே.

எம் வாப்பும்மாவின் நினைவு இங்கே வருகிறது. அரபுத்தமிழில் அவர் தெளிவாகப் படிப்பார், எழுதுவார். கொழும்பில் கடை வைத்திருந்த அப்பாவுக்கு வாரந்தோறும் கடிதம் எழுதியவர். வைத்தியக் குறிப்புகளையும் கணக்கையும் அவ்வெழுத்திலேயே குறித்து வைத்தவர். ஆனால் வீட்டுக் குடிநீர்க் குழாய்க்கு மனுப் போட்டபோது அவர் விரலை மையில் தோய்த்து உருட்டி, பக்கத்தில் "கைநாட்டு" என்று எழுதினார்கள். தமிழையே எழுதத் தெரிந்த ஒருவர், தமிழ் அலுவலகத்தில் எழுத்தறியாதவராகிவிட்டார்! அவருக்கு எழுத்துத் தெரியாதிருக்கவில்லை. அவர் எழுத்து அலுவலகத்துக்குத் தெரியாதிருந்தது. எல்லா எழுத்தும் எல்லா அலுவலருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எழுத இயலாதவர் வாயால் சொல்ல, எழுத்தர் எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, அதன்பின் ஒப்பமோ விரல்ரேகையோ பெற வேண்டும் என்று மட்டும் சொல்கிறோம். இது நடந்திருந்தால் வாப்பும்மா மதிப்போடு திரும்பியிருப்பார்.

பெயர்களின் கதையும் இதனோடு சேர்ந்தது. ராத்தாவின் வேலை ஒரே நாளில் முடியவில்லை. ஏன்? மச்சானின் பெயர் இறப்புச் சான்றில் "முகம்மது", வரிப் பதிவேட்டில் "மஹமது", குடும்ப அட்டையில் "முகமது". மூவரும் ஒருவரே என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார்கள். மீம், ஹா, மீம், தால் என்று அரபியில் நான்கே எழுத்துகள் கொண்ட பெயர் அது. தமிழில் எழுதும்போது கேட்டவர் காதுக்கேற்ப மாறுகிறது. ஆங்கிலத்தில் ஓ போடுவதா யூ போடுவதா, எம் ஒன்றா இரண்டா என்று இன்னும் பல்கிப் பெருகுகிறது. இதைக் குறையாகக் கொண்டு ஒரு குடும்பத்தை மாதக்கணக்கில் அலைய விடுவது நியாயமா? 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் தன் 15ஆம் பிரிவில் பிழை திருத்த வழி தந்துள்ளது. பதிவு முடிந்ததும் தகவல் தந்தவருக்கு ஒரு நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. அந்த நகலை அங்கேயே படித்துக் காட்டிச் சரிபார்த்தால் பிற்காலத்து அலைச்சல் எவ்வளவோ குறையும்.

இது சிறிய செய்தி என்று எண்ண வேண்டாம். அச்சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்நாளிலும் அதன் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, திருமணப் பதிவு, அரசு வேலை ஆகியவற்றுக்குப் பிறந்த நாளையும் இடத்தையும் காட்டும் ஆவணம் பிறப்புச் சான்றே. ஒரு குழந்தையின் வாழ்க்கைச் சாவி உள்ளாட்சி அலுவலகத்தின் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டை நெருங்க முடியாத தாயின் குழந்தை எங்கே போய் நிற்கும்?

ஊராளும் அமைப்பைக் குற்றம் கூறிவிட்டு நம்மை மட்டும் விலக்கிக்கொள்வது நேர்மையாகாது. இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் நிர்வாக நடுவரின் ஆணை வரை அலைய நேரும். நம்மிடையே மரணம் நிகழ்ந்தால் அன்றே அடக்கிவிடுகிறோம். பதிவை யாரும் நினைப்பதில்லை. அழுதுகொண்டிருக்கும் விதவை நினைப்பாளா? மையவாடியைப் பராமரிப்பவருக்கும் அங்கே நடக்கும் அடக்கத்தைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் கடமையை அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு விதித்திருக்கிறது என்பதை எத்தனை ஜமாஅத் நிர்வாகிகள் அறிவார்கள்? ஒரு குறிப்பேடும் ஒரு பொறுப்பாளரும் இருந்தால் முடியக்கூடிய வேலை. நம் திருமண மண்டபங்களின் நிலையும் என்ன? உணவுக்கூடம் மாடியில், முதியவர்களுக்குத் தட்டில் வைத்துக் கீழே அனுப்புகிறோம். நகராட்சியிடம் கேட்கும் கேள்வியை முதலில் நம் வாசலில் நின்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தப் படிகள் தெரிவதே இல்லை. அவர்கள் வேலை தொலைபேசியில் முடிகிறது. உறுப்பினர் வீடு தேடி வருகிறார். கோப்பு நடந்து வருகிறது. ஆகவே எதையும் மாற்றவேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. "யாருக்காவது சிரமம் இருந்தால் என்னிடம் சொல்லட்டும், ஒரு வார்த்தை சொல்லி முடித்துத் தருகிறேன்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைதான் நோய் என்கிறோம். செல்வாக்குள்ளவர் சொல்லால் ஒருவருக்குக் கிடைப்பது சலுகை. எவரும் சொல்லாமலே எல்லாருக்கும் கிடைப்பது உரிமை. நாற்காலியைத் தூக்கிய அந்த நான்கு இளைஞர்களை வாழ்த்துகிறோம். ஆனால் அவர்கள் பத்து ஆண்டுகள் தூக்கிக்கொண்டே இருந்தால், அந்த அலுவலகம் பத்து ஆண்டுகள் கீழே இறங்காது.

மாற்றத்தின் அறிகுறி இல்லாமலும் இல்லை. ஊரக, நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத் திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழிசெய்யும் சட்டத் திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. வரவேற்கிறோம். ஆனால் ஒரு சந்தேகம்: மன்றக் கூடமே மாடியில் இருக்குமானால், அந்த மதிப்புக்குரிய உறுப்பினரையும் நால்வர் நாற்காலியில் தூக்கித்தான் செல்வார்களா? பேச்சைக் கேட்க இயலாத உறுப்பினருக்குத் தீர்மானத்தைச் சைகையில் விளக்குபவர் யார்? பார்வையற்றவருக்கு நிகழ்ச்சி நிரலைப் படித்துச் சொல்பவர் யார்? இருக்கை கொடுத்த சட்டம், இருக்கை வரைக்கும் வழியையும் கொடுக்க வேண்டும்.

ஆகவே வாசகக் குடும்பங்களை நாம் வேண்டுவது இதுதான். அடுத்த முறை உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போகும்போது உங்கள் வேலையை முடித்துக்கொண்டு உடனே திரும்பிவிடாதீர்கள். படிகளை எண்ணுங்கள். கீழ்த்தளத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வரிசையில் நிற்கும் மூதாட்டிக்கு அமர இடமுண்டா, பெண்களுக்குக் கழிப்பறை உண்டா, பலகையில் கட்டணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பார்த்ததை எழுத்தில் மனுவாகக் கொடுங்கள். ஒப்புதல் இரசீது கேட்டு வாங்குங்கள். கிராம சபையிலும் வார்டுக் கூட்டத்திலும் எழுந்து பேசுங்கள். இது நம் சமுதாயத்துக்கென்று தனியே கேட்கும் சலுகையன்று. நம் ராத்தா ஏறமுடியாத படியில் பக்கத்துத் தெரு அம்மையாரும் ஏற முடியாது. அவருக்கும் சேர்த்தே கேளுங்கள்.

அண்மையில் ராத்தா வீட்டுக் குடிநீர் இணைப்புக்கும் பெயர் மாற்றம் செய்ய வேண்டியதாயிற்று. நாம் பேச்செடுத்ததுமே, "நான் வரல்ல தம்பி. இன்னொரு தடவ என்னத் தூக்காதீங்க" என்றார். தண்ணீர் இன்றும் மறைந்த மனிதர் பெயரில்தான் வந்துகொண்டிருக்கிறது. நாம் அவரை வற்புறுத்தவில்லை. அன்றிரவே அமர்ந்து ஆணையாளருக்கு ஒரு மனு எழுதினோம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவைக் குறிப்பிட்டோம். சாய்தளம், மின்தூக்கி என்று பெரியவற்றையெல்லாம் இரண்டாம் பத்தியில் வைத்தோம். முதற்பத்தியில் கேட்டது ஒன்றே: படிக்கட்டின் அடியில் ஒரு மேசை, அதன் பின்னால் ஓர் எழுத்தர், அவர் கையில் அந்தப் பதிவேடு.

மனுவில் முதல் கையொப்பம் ராத்தாவினுடையது. வலக்கையால், தம் வீட்டுக் கட்டிலில் அமர்ந்தபடி, தாமே படித்துப் பார்த்துவிட்டு இட்டார்.